எல்லை கடந்த வள்ளியம்மை

நுழையும்முன்

பிழைப்புத் தேடிப் பிறந்த மண்ணை விட்டுச் சென்றவர்களின் பிள்ளைகள், தாம் காணாத ஓர் ஊரைத் தம் ஊர் என்று சொல்லி வளர்கின்றனர். அவ்வாறு வளர்ந்த ஒரு பெண், தம் மக்களின் மானத்திற்காகப் பதினைந்து வயதில் சிறை புகுந்தார். பதினாறாம் பிறந்தநாளில் உயிர் நீத்தார். அவர் உறங்கும் இடத்திற்கு நம்மை அழைத்துச் செல்கிறது இப்பாடம்.

சூரியநெல்லியில் ஒரு மலைமுகடு

சூரியநெல்லியில் நின்று கதிரவன் எழும் திசையை நோக்கினால் கொழுக்குமலை கண்ணில் படும். கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கும் மேலான உயரத்தில் தேயிலை விளையும் மலை அது. அதன் முகட்டுக்கு அப்பால் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். இப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தேயிலைத் தோட்டங்கள் உருவான காலத்தில் நம் முன்னோர் பலர், கங்காணிகள் அழைத்துவர, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக இம்மலைத்தொடரின் ஒற்றையடிப் பாதைகளில் ஏறி வந்தனர். இன்றோ, பூப்பாறை வழியாகப் பேருந்தில் சென்று போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு வந்துவிடும். பாட்டி வீட்டுக்குச் செல்லும் குழந்தை, தான் எல்லையைக் கடந்ததை அறியாமல் தாயின் மடியில் உறங்கியபடியே கடந்துவிடுகிறது.

ஒரே ஆட்சியின் கீழிருந்த இரண்டு மாகாணங்களுக்கு இடையிலான எல்லையைக் கடப்பதே குற்றம் எனக் கருதப்பட்ட நாடு ஒன்று இருந்தது. அங்குள்ள இந்தியர், உரிய அனுமதியின்றி ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றால் சிறையில் அடைக்கப்பட்டனர். அந்த நாடு தென்னாப்பிரிக்கா. அக்குற்றத்தைத் தெரிந்தே செய்யப் புறப்பட்டவர்களுள் ஒருவர் வள்ளியம்மை.

கல்லறைத் தோட்டத்தில்

தென்னாப்பிரிக்காவின் பெருநகரமான ஜோகன்னஸ்பர்க்கின் நடுப்பகுதியை அடுத்துப் பிராம்ஃபொன்டெய்ன் என்னும் பழைய கல்லறைத் தோட்டம் உள்ளது. நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்நகரின் வரலாறு அங்கே மண்ணுக்கடியில் துயில்கிறது. பொன் தேடி வந்தவர், போரில் மாண்டவர், பெயர் தெரியாத ஏழைகள் எனப் பலரும் அங்கே அடங்கியுள்ளனர். இன்று தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணின் ஒரு பகுதியாக விளங்கும் பாடலை இயற்றிய ஈனாக் சொன்டோங்காவின் கல்லறையும் அங்குதான் இருக்கிறது.

அதே தோட்டத்தில் தமிழ் இளைஞர் இருவரின் நினைவுக் கற்கள் உள்ளன. ஒருவர் சாமி நாகப்பன்; மற்றவர் வள்ளியம்மை. நாகப்பன் பதினெட்டு வயதில் மறைந்தவர். வள்ளியம்மை பதினாறில் மறைந்தவர். இருவருமே சிறைத் துன்பத்தால் நோயுற்று இறந்தவர்கள். அக்கற்களின் முன் நிற்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. பள்ளிப் பருவத்துப் பெண்ணொருத்தி இத்தனை தொலைவில், இந்த மண்ணில், எதற்காக உயிர் கொடுத்தார்? அவருடைய வாழ்க்கையே அதற்கு விடையாகும்.

பொன்னகரில் பிறப்பு

1860ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்களே தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர். அவர்களைத் தொடர்ந்து, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒன்றரை இலட்சம் பேர் வந்தனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், இருப்புப்பாதை ஆகிய இடங்களில் அவர்கள் உழைத்தனர். வணிகம் செய்வதற்காகத் தம் சொந்தச் செலவில் வந்தவர்களும் இருந்தனர்.

உள்நாட்டில் டிரான்ஸ்வால் பகுதியில் 1886இல் தங்கம் கண்டறியப்பட்டது. புல்வெளியாகக் கிடந்த இடத்தில் கூடாரங்கள் எழுந்தன, கூடாரங்கள் வீடுகளாயின, ஜோகன்னஸ்பர்க் நகரம் பிறந்தது. நகரம் தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், 1898 பிப்ரவரி 22ஆம் நாள், அங்கு வாழ்ந்த முனுசாமி முதலியார், மங்களம் இணையருக்கு மகளாக வள்ளியம்மை பிறந்தார். மங்களத்தின் ஊர் தில்லையாடி; இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள சிற்றூர். வள்ளியம்மை தில்லையாடியைத் தம் வாழ்நாளில் கண்டதே இல்லை. ஆயினும் அவ்வூரின் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாக நின்றுவிட்டது.

வரியும் வதையும்

ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் தாய்நாடு திரும்பாத தொழிலாளர்மீது நேட்டால் அரசு தலைவரி விதித்தது. ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் என்பது அவ்வரி. ஒப்பந்தத் தொழிலாளரின் தொடக்கக் கூலி மாதத்திற்குப் பத்து ஷில்லிங் மட்டுமே. ஒரு பவுன் என்பது இருபது ஷில்லிங். ஆகவே ஒருவர் செலுத்த வேண்டிய வரி, அவர் ஆறு மாதம் உழைத்துப் பெறும் கூலிக்குச் சமமாயிற்று. ஆண்கள் மட்டுமன்றிப் பெண்களும், வயது வந்த பிள்ளைகளும் தனித்தனியே இவ்வரியைக் கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடியாதவர்களுக்கு இரண்டு வழிகளே எஞ்சின: மீண்டும் ஒப்பந்தத்தில் சிக்குவது, அல்லது நாட்டை விட்டு வெளியேறுவது.

டிரான்ஸ்வாலிலோ வேறு வகைத் துன்பம். அங்கு வாழ்ந்த இந்தியர் அனைவரும் கைவிரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டும். காவலர் கேட்கும்போதெல்லாம் அதைக் காட்ட வேண்டும் என 1907இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குற்றவாளிகளிடம் பெறுவதைப் போன்று தம்மிடம் ரேகை பெறுவதா என்று மக்கள் கொதித்தனர். வழக்கறிஞராக அங்கு வாழ்ந்த காந்தியடிகள் தலைமையில் அறப்போர் தொடங்கிற்று. அடித்தவரைத் திருப்பி அடிக்காமல், அநீதியான சட்டத்திற்கும் பணியாமல், அதற்குரிய தண்டனையைத் தாமே ஏற்றுக்கொள்ளும் அப்புதிய போர்முறைக்குச் சத்தியாக்கிரகம் என்று பெயர் வழங்கலாயிற்று.

டிரான்ஸ்வால் தமிழர் இப்போராட்டத்தின் முன்னணியில் நின்றனர். தம்பி நாயுடு போன்றோர் மீண்டும் மீண்டும் சிறை சென்றனர். நாகப்பன் 1909ஆம் ஆண்டின் கடுங்குளிரில் சிறைப்பட்டுக் கல்லுடைக்கும் வேலை செய்து, நோயுற்று விடுதலையாகி, ஜூலை 6ஆம் நாள் இறந்தார். அப்போது வள்ளியம்மைக்குப் பதினோரு வயது. தம் தெருக்களில் நடந்த ஊர்வலங்களையும், சிறை சென்ற ஆடவர் இல்லாத வீடுகளில் அடுப்பெரியாத நாள்களையும் கண்டு அவர் வளர்ந்தார்.

பெண்களைப் புறப்படச் செய்த தீர்ப்பு

அதுவரை ஆடவரே சிறை சென்றுவந்தனர். 1913 மார்ச் மாதம் கேப் மாகாண உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று அந்நிலையை மாற்றியது. கிறித்தவ முறைப்படி நடக்காத, அரசிடம் பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லா என்பது அதன் பொருள். இத்தீர்ப்பின்படி இந்து, இசுலாமிய, பார்சி முறையில் மணந்த மனைவியர் எவரும் சட்டத்தின் பார்வையில் மனைவியரல்லர். அவர்தம் பிள்ளைகளுக்குத் தந்தையின் உடைமையில் உரிமையும் இல்லை.

மஞ்சள் கயிறு கட்டி மணந்து, கணவனோடு கடல் கடந்து வந்து, தோட்டத்திலும் கடையிலும் உழைத்துக் குடும்பம் காத்த பெண்களுக்கு இது பொறுக்கவொண்ணாத இழிவாயிற்று. அவர்கள் தாமும் சிறை செல்ல முன்வந்தனர். செப்டம்பரில் கஸ்தூரிபாய் உள்ளிட்ட பதினாறு பேர் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து சிறைப்பட்டனர். டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பதினொரு பெண்கள் எதிர்த்திசையில் எல்லை கடந்து நேட்டாலுக்குள் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்த தாய்மார். அவர்கள் நியூகாசில் நகரை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்றனர். மூன்று பவுன் வரி நீங்கும்வரை வேலைக்குச் செல்ல வேண்டா என அவர்களை வேண்டினர். தம் மொழியில், தம் வீட்டுப் பெண்கள் வந்து கேட்டதும் தொழிலாளர் உள்ளம் அசைந்தது. 1913 அக்டோபர் நடுவில் சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்கள் சிறையிடப்பட்டனர், வேலைநிறுத்தமோ சுரங்கங்களையும் தாண்டிக் கரும்புத் தோட்டங்கள் வரை பரவிற்று.

எல்லையை நோக்கி

முன்சென்ற பெண்கள் சிறைப்பட்ட பின், அவர்களின் இடத்தை நிரப்ப மற்றொரு குழு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அக்டோபர் இறுதியில் புறப்பட்டது. அக்குழுவில் மங்களமும் இருந்தார். அவருடன் வள்ளியம்மையும் இருந்தார். அவருக்கு அப்போது வயது பதினைந்து.

திருமணத் தீர்ப்பு அவரை நேரடியாகத் தொடவில்லை. அவருக்கு இன்னும் மணமாகவில்லை. மூன்று பவுன் வரியும் அவர்மீது விழவில்லை. அது நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களை வாட்டிய வரி. அவர் வீட்டிலேயே இருந்திருந்தாலும் யாரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும், தாயை மனைவியல்லள் என்று கூறும் சட்டம் தமக்கும் இழிவே என்றும், தொலைவில் உள்ள தொழிலாளியின் துயரும் தம் துயரே என்றும் அவர் உணர்ந்தார். பிறர்க்குற்ற துன்பத்தைத் தமக்குற்றதாகக் கருதிய அவ்வுணர்வே அவரை அப்பயணத்தில் சேர்த்தது.

அக்குழுவினர் எல்லை கடந்து நேட்டாலின் ஊர்களுக்குச் சென்று தொழிலாளர் குடும்பங்களைச் சந்தித்தனர். வரியின் கொடுமையையும் போராட்டத்தின் நோக்கத்தையும் எடுத்துரைத்தனர். இதனிடையே நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகள் தலைமையில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர், நேட்டாலின் எல்லையூரான சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வாலை நோக்கி நடக்கத் தொடங்கினர். பெண்களும் குழந்தைகளும் அந்நெடும்பயணத்தில் இடம்பெற்றனர். நடந்தவர்களைச் சிறைகள் கொள்ளவில்லை. சுரங்க வளாகங்களே வேலியிடப்பட்டுச் சிறைகளாக்கப்பட்டன.

வள்ளியம்மையும் மங்களமும் அவ்வாண்டின் இறுதியில் கைதாயினர். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டனர்.

சிறையும் நோயும்

மாரிட்ஸ்பர்க் சிறையில் சத்தியாக்கிரகப் பெண்களுக்கு நல்லுணவு கிடைக்கவில்லை. வெளியிலிருந்து உணவு பெறவும் அனுமதியில்லை. துணி வெளுக்கும் வேலை அவர்களுக்கு இடப்பட்டது. வளரும் பருவத்துப் பெண்ணின் உடல் இத்துன்பத்தைத் தாங்கவில்லை. சிறை புகுந்த சிறிது காலத்திலேயே வள்ளியம்மை கடுங்காய்ச்சலுக்கு ஆளானார்.

நோய் முற்றுவதைக் கண்ட சிறை அதிகாரிகள், தண்டனைக் காலம் முடியுமுன்பே அவரை விடுவிக்க முன்வந்தனர். வள்ளியம்மை அதனை ஏற்கவில்லை. தம்முடன் வந்த பெண்கள் உள்ளே இருக்கத் தாம் மட்டும் வெளியேற அவர் மனம் இசையவில்லை. படைக்கலம் ஏதுமில்லாத அப்பெண்ணிடம் அரசால் பறிக்க முடியாத ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய உறுதி.

வள்ளியம்மையைப் பற்றித் தமிழ்நாட்டில் மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. இந்தியருக்கென ஒரு கொடி இருக்கிறதா என்று அதிகாரி ஒருவர் ஏளனமாகக் கேட்டார் என்றும், வள்ளியம்மை தம் சேலையைக் கிழித்து, இதுவே எங்கள் கொடி என்று காட்டினார் என்றும் அக்கதை கூறும். அது செவிவழிச் செய்தி. மக்கள் ஒருவரை நெஞ்சில் வைத்துப் போற்றும்போது அவரைச் சுற்றி இத்தகைய கதைகள் வளர்வது இயல்பு. ஆனால் விடுதலையை மறுத்துச் சிறையிலேயே இருந்தார் என்னும் வரலாறு, எந்தக் கதையையும்விடப் பெரிதாக நிற்கிறது.

பதினாறாம் பிறந்தநாள்

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசுக்கும் காந்தியடிகளுக்கும் இடையே தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது. வள்ளியம்மை விடுதலையாகி ஜோகன்னஸ்பர்க் திரும்பியபோது காய்ச்சல் அவர் உடலை முற்றிலும் உருக்கியிருந்தது. தாமாக எழுந்து நடக்கவும் அவரால் இயலவில்லை.

காந்தியடிகள் அவரைக் காணச் சென்றார். படுக்கையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த பெண்ணைக் கண்டு அவர் உள்ளம் கலங்கிற்று. சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று அவர் வினவினார். வருந்தவில்லை என்றும், இப்போது அழைத்தாலும் மீண்டும் சிறை செல்லத் தாம் ஆயத்தமே என்றும் வள்ளியம்மை விடை கூறினார். அதனால் இறக்க நேர்ந்தால் என் செய்வாய் என்று அவர் மீண்டும் கேட்க, தாய்நாட்டிற்காக இறப்பதை விரும்பாதவர் யார் என்னும் பொருள்பட அவர் பதிலளித்தார். தாம் ஒருமுறைகூடக் காணாத நாட்டையே அவர் தாய்நாடு என்று குறித்தார்.

சில நாள்களில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள், வள்ளியம்மை உயிர் நீத்தார். அன்று அவருக்குப் பதினாறு வயது நிறைந்திருந்தது.

அவர் காணாத வெற்றி

அவர் மறைந்து ஐந்து மாதங்கள் ஆவதற்குள் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது. இந்தியர் தத்தம் சமய முறைப்படி செய்துகொண்ட திருமணங்கள் ஏற்கப்பட்டன. எல்லா அநீதிகளும் அத்துடன் அகன்றுவிடவில்லை. அம்மண்ணில் நிறவெறி வீழ்வதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. எனினும், எதற்காக வள்ளியம்மை எல்லையைக் கடந்தாரோ அது நிறைவேறிற்று. அதைக் காண அவர்தாம் இல்லை.

அவ்வாண்டு ஜூலை மாதம் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். புறப்படுவதற்குச் சில நாள்கள் முன்பு, பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் எழுப்பப்பட்ட நினைவுக் கற்கள் திறந்துவைக்கப்பட்ட நிகழ்வில் அவர் கலந்துகொண்டார். மறுஆண்டு தமிழ்நாட்டில் பயணம் செய்தபோது தில்லையாடிக்கும் சென்றார். வள்ளியம்மை காணாத ஊரை அவர் சார்பில் கண்டவர்போல, அவ்வூர் மண்ணில் நின்று அம்மக்களுக்கு வணக்கம் செலுத்தினார்.

மறதியும் மீட்பும்

ஆண்டுகள் உருண்டன. கல்லறைகள் கவனிப்பாரற்றுப் போயின, புல் மூடிற்று. நிறவெறி ஆட்சியின் கீழ் அம்மக்கள் தம் வரலாற்றைப் பேணவும் இயலாமல் வாழ்ந்தனர். ஈனாக் சொன்டோங்காவின் கல்லறைகூட நெடுங்காலம் எங்கிருக்கிறது என்று அறியப்படாமல் கிடந்து, பின்னரே கண்டறியப்பட்டது.

நெல்சன் மண்டேலா ஆட்சிப் பொறுப்பேற்ற பின் காலம் மாறிற்று. 1997 ஏப்ரல் மாதம், மண்டேலாவோடு நெடுங்காலம் சிறையிலிருந்த வால்டர் சிசுலு, நாகப்பன், வள்ளியம்மை ஆகியோரின் கல்லறைகளைப் புதுப்பித்து மக்களுக்கு உரிமையாக்கும் நிகழ்வை நடத்திவைத்தார். ஆப்பிரிக்க விடுதலை வீரர் ஒருவர், தமிழ்ச் சிறுமி ஒருத்தியின் கல்லறைமுன் தலை வணங்கினார். வள்ளியம்மையின் போராட்டம் இந்தியருக்கு மட்டுமன்று, அந்நாட்டின் விடுதலைக்கும் தொடக்கமாய் அமைந்தவற்றுள் ஒன்று என்பதை அவ்வணக்கம் உணர்த்திற்று.

தமிழ்நாடும் அவரை மறக்கவில்லை. தில்லையாடியில் அவருக்கு நினைவு மண்டபமும் நூலகமும் உள்ளன. சென்னை எழும்பூரில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் கைத்தறி நிறுவனத்தின் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்திய அரசு 2008இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

மாணவர்களே, நம் மலைகளிலும் கல்லறைகள் உள்ளன. தேயிலைச் சரிவுகளின் ஓரத்தில், காட்டுச்செடி படர்ந்து, பெயர் பொறித்த கல்லும் இல்லாமல் நம் முன்னோர் பலர் துயில்கின்றனர். காட்டைத் திருத்தி, குளிரையும் காய்ச்சலையும் தாங்கி, இம்மலைகளைத் தோட்டங்களாக்கியவர்கள் அவர்கள். வள்ளியம்மையின் கல்லறை மறதியில் புதைந்து மீண்டும் வெளிப்பட்டதற்குக் காரணம், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர்கள். நாம் சொல்ல வேண்டிய பெயர்களும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்டறிந்து எழுதிவைப்பது நம் கடமை.

அருஞ்சொற்பொருள்

முகடு – உச்சி
கங்காணி – தோட்டத்திற்கு ஆள் சேர்த்து, வேலையை மேற்பார்வை செய்பவர்
ஒப்பந்தத் தொழிலாளர் – குறித்த காலம் வேலை செய்ய எழுத்தில் உறுதியளித்துச் சென்றவர்
இணையர் – கணவனும் மனைவியும்
பொறுக்கவொண்ணாத – தாங்க முடியாத
ஆயத்தம் – அணியம், தயார்நிலை
செவிவழிச் செய்தி – வாய்மொழியாக வழங்கிவரும் செய்தி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வள்ளியம்மை எப்போது, எங்குப் பிறந்தார்?
2. மூன்று பவுன் வரி யார்மீது விதிக்கப்பட்டது?
3. பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் வள்ளியம்மையோடு நினைவுகூரப்படும் தமிழ் இளைஞர் யார்?

ஆ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.
1. 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு பெண்களைப் போராட்டத்திற்கு அழைத்தது எவ்வாறு?
2. முன்கூட்டியே கிடைத்த விடுதலையை வள்ளியம்மை மறுத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
மலைத்தொடர், நல்லுணவு, பிறர்க்குற்ற, இழிவாயிற்று

ஈ. செய்து பார்க்க.
உம் குடும்பத்தில் இம்மலைக்கு முதலில் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எவ்வழியாக வந்தார் என்பதைத் தாத்தா, பாட்டி அல்லது அண்டை வீட்டு மூத்தவரிடம் கேட்டு, ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.